மார்க்கெட்னா யாரு தம்பி?

செவ்வாய்க்கிழமை கடன் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. செவ்வாயோ வெறுவாயோ என்று பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக் கிழவிகள் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேசியப் பங்குச் சந்தைக்கு இந்தக் கிழவிகளோடு என்ன பகையோ, 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி ஆப்ஷன்களின் வாராந்தர எக்ஸ்பைரியை, அதாவது கணக்குத் தீர்க்கும் நாளை, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டது. கணக்குத் தீர்க்கும் விலை என்பது சந்தை மூடுவதற்கு முந்தைய கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. அதாவது மூன்றிலிருந்து மூன்றரை வரை. செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை என்பது தினக்காலண்டர் கிழிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆக, வாராவாரம் நாட்டின் மிகப் பெரிய பைசல்களில் ஒன்று ராகு காலத்தில் நடக்கிறது. ஆப்ஷன் டிரேடிங்குக்கு எளிய விதி ஒன்று சொல்லுங்கள் சார் என்று என்னிடம் யாராவது கேட்டால், என்னால் முடிந்தது இதுதான்: செவ்வாய்க்கிழமை போனைத் தொடாதே. இந்த விதியைப் பிசகாமல் பின்பற்றியவர்களில் ஒருவர்கூட எக்ஸ்பைரி நாளில் ஒரு ரூபாய் விட்டதில்லை. வெற்றி நூற்றுக்கு நூறு.

இதற்கு ஃபீஸ் வாங்க முடியாது என்பதுதான் கஷ்டம். ஃபீஸ் வாங்கும் விதிகளுக்கு இங்கிலீஷ் பெயர் வேண்டும், திரையில் பச்சையும் சிவப்புமாகக் கேண்டில் வேண்டும், வாடகைக் காரின் மேல் சாய்ந்து எடுத்த ஒரு போட்டோ வேண்டும். ஓகலிபுரத்திலிருந்து ராமச்சந்திரபுரம் வரை நடந்தால் கரண்டு கம்பம் ஒன்றுக்கு ஒரு நோட்டீஸ் தேறும். பேக்கரிக்கு மேலே ஒரு மாடி, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஒரு வாத்தியார். இவர் யார் என்று தேட வேண்டாம். ஒரு ஆள் இல்லை, ஒரு அச்சு. அந்த அச்சில் வார்த்தவர்கள் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், தாம்பரத்திலும் இருக்கிறார்கள், உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறார்கள். முதல் வகுப்பு இலவசம். அடுத்தது சில ஆயிரம். அதற்கடுத்தது அட்வான்ஸ்டு, அதன் விலையை நோட்டீஸில் போட மாட்டார்கள், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள்.

சொல்லித் தருவதும் கஷ்டமான பாடம் இல்லை. ஒன்பது நாள் சராசரிக் கோடு இருபது நாள் கோட்டை மேலே வெட்டினால் வாங்கு. ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே போனால் திரும்பும், 70-க்கு மேலே போனால் இறங்கும். சூப்பர்டிரெண்டு பச்சையானால் உள்ளே, சிவப்பானால் வெளியே. காலை 9.20-க்கு ஸ்ட்ராடில் விற்று இரண்டு பக்கமும் ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போ. ஒரு டிரேடில் முதலின் 2 சதவீதத்துக்கு மேல் ரிஸ்க் எடுக்காதே. எல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கடைசி விதி உண்மையிலேயே நல்ல விதி. அதை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்க அந்த மாடியில் மட்டும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

மாடி வகுப்புக்கு வந்த ஒரு பையனிடம் 50,000 ரூபாய் இருக்கிறது. அம்மாவின் செயின் நகைக்கடன் கடைக்குப் போனதில் வந்தது. இரண்டு சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய். நிஃப்டியில் ஒரு லாட்டுக்கு இப்போது 65. ஆயிரத்தை அறுபத்தைந்தால் வகுத்தால் பதினைந்து ரூபாய் சொச்சம். ஆப்ஷன் விலை பதினைந்து ரூபாய் இறங்கினால் அவன் வெளியே வந்துவிட வேண்டும். இன்டெக்ஸ் முப்பது புள்ளி அசைந்தால் அந்தப் பதினைந்து ரூபாய் போய்விடும். 25,000 புள்ளியில் நிற்கும் இன்டெக்ஸுக்கு முப்பது புள்ளி என்பது தும்மல். டீ ஆறுவதற்குள் நாலு தடவை வந்து போகும். நல்ல விதியைப் பின்பற்றினால் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக அடி வாங்குவான். பின்பற்றாவிட்டால் ஒரே அடியில் போவான். இதற்கு நடுவே ஆர்டருக்கு இருபது ரூபாய் புரோக்கரேஜ். ஒரு நாளைக்குப் பத்து டிரேடு, போக வர நாற்பது, மாதம் இருபது நாள், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி: 9,440 ரூபாய். ஐம்பதாயிரத்தில் கிட்டத்தட்ட 19 சதவீதம், ஒரே மாதத்தில், ஜெயித்தாலும் தோற்றாலும். கந்துவட்டிக்காரன்கூட மாதம் பத்துக்கு மேல் கேட்கக் கூச்சப்படுவான்.

சந்தேகம் கேட்பவனை அடக்குவதற்கு வாத்தியாரிடம் ஓர் ஆமைக் கதை உண்டு. நிஜக் கதை. 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற பெரிய டிரேடருக்கும் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டுக்கும் ஒரு விவாதம்: டிரேடிங் கற்றுக்கொடுத்து வருமா, பிறவியில் வருமா? சிங்கப்பூரில் ஆமைப் பண்ணையைப் பார்த்திருந்த டென்னிஸ், அங்கே ஆமை வளர்க்கிற மாதிரி நான் டிரேடர்களை வளர்த்துக் காட்டுகிறேன் என்றார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. இரண்டு வாரம் பாடம். இருபது நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, இத்தனை இறங்கினால் விட்டு ஓடு என்கிற மாதிரி எளிய விதிகள்தான். ஐந்தாண்டில் அந்த ஆமைகள் 17.5 கோடி டாலர் சம்பாதித்ததாகச் சொல்வார்கள். பார்த்தீர்களா, விதி இருந்தால் போதும் என்று வாத்தியார் புரொஜெக்டரை அணைப்பார்.

அணைத்த பிறகு வருவதுதான் கதையின் மிச்சம். டென்னிஸ் ஒரு பைசா ஃபீஸ் வாங்கவில்லை. டிரேடு செய்ய மாணவர்கள் கையில் தன்னுடைய பணத்தைக் கொடுத்தார். லாபம் வந்தால் அதில் அவர்களுக்குப் பங்கு, நஷ்டம் வந்தால் அவருடையது. ஆயிரம் பேரைச் சலித்து ஒரு சிலரைத்தான் முதல் வகுப்பில் உட்கார வைத்தார்; கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டி வந்தவனையெல்லாம் சேர்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட டென்னிஸே 1987, 88-இல் பலமாக அடிவாங்கிக் கடையைக் கட்டினார். விதி எழுதிய கைக்கே அந்த கதி. கற்றுக்கொடுக்க முடியும் என்று உண்மையாக நம்பிய ஒரு வாத்தியார், தன் பணத்தை மாணவனிடம் கொடுத்து நிரூபித்தார். நம்முடைய வாத்தியார் மாணவனின் பணத்தைத் தான் வாங்கிக்கொண்டு நிரூபிக்கிறார். ஆமைக் கதையை எடுப்பதற்கு இவர்களுக்கு வாய் கூசுவதில்லை.

ஸ்ரீராம்புரத்தில் ஏலச்சீட்டு நடத்தும் அக்காக்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். பதிவு செய்யாத சீட்டு. சட்டப்படி குற்றம், மாட்டினால் ஜெயில். அப்படி ஓர் அக்காவிடம் ஒரு மாடி வகுப்பு மாணவன் சீட்டை முன்னாலேயே தள்ளி எடுக்கப் போனான்.

"எதுக்குப்பா அவசரம்?"

"டிரேடிங் அக்கா. பத்தாயிரம் போட்டா ஒரு நாள்ல ரெண்டாயிரம் வரும்."

"அந்த ரெண்டாயிரம் எங்கேருந்து வருது?"

"மார்க்கெட்லேருந்து."

"மார்க்கெட்னா யாரு தம்பி? என் சீட்டுல இருபது பேரு. பூக்காரம்மா, ரெண்டாவது கிராஸ் டெய்லரு, பிஎம்டிசி கண்டக்டரு... யாரு தள்ளி எடுத்தா, அந்தக் காசு யாருக்குப் பிரிஞ்சுது, எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. உங்க சீட்டுல விடுறது யாரு? பேரு சொல்லு."

"டிசிப்ளின் இல்லாதவங்க அக்கா. சார் சொன்னாரு."

"விட்டவன் மறுநாளும் வரானா?"

"வருவாங்க."

"ஏன்?"

தம்பிக்கு அந்தப் பாடம் அட்வான்ஸ்டு வகுப்பில்தான் வரும்போல.

பேர் கேட்டாளே அக்கா, அந்தப் பேர்கள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வெளியிட்ட கணக்கிலேயே இருக்கின்றன. 2024 செப்டம்பர் அறிக்கை. 2023-24 நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ என்கிற பியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் சந்தையில் சொந்தக் கணக்கில் டிரேடு செய்யும் புரோக்கிங் கம்பெனிகள் சம்பாதித்தது 33,000 கோடி ரூபாய். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சம்பாதித்தது 28,000 கோடி. தனிநபர்களும் மற்றவர்களும் விட்டது 61,000 கோடிக்கு மேல். முப்பத்து மூன்றும் இருபத்தெட்டும் எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டால் நோட்டைப் புரட்டாமலே சொல்வாள். இந்தச் சந்தையில் நெல் விளைவதில்லை, துணி நெய்வதில்லை. ஒருவன் எடுப்பது இன்னொருவன் விட்டது, நடுவில் கமிஷன். எல்லோரும் ஜெயிக்கும் விதி என்று ஒன்று இங்கே இருக்கவே முடியாது. சீட்டாட்டத்தில் நாலு பேருக்கும் ஜெயிக்கச் சொல்லித் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் குடிகாரன்கூடச் சிரிப்பான். பேக்கரி மாடியில் இருபது பேர் நோட்ஸ் எடுக்கிறார்கள்.

அந்த அறிக்கையிலேயே இன்னொரு வரி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்குக் கம்பெனிகளின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ வழியாக வந்தவை. அல்கோ என்றால் என்ன? விதிகள். கோபப்படாத, தூங்காத, பயப்படாத, எழுதி வைத்த விதிகள். ஆகவே விதிகளால் இந்தச் சந்தையில் பணம் பண்ண முடியாது என்று நான் சொன்னால் அது பொய். பிரமாதமாகப் பண்ணுகிறார்கள். அந்த விதிகள் பங்குச் சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்து ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மாடிப்படியில் ஏறினால் இரண்டு கோடு, இறங்கினால் ஒரு கோடு சிக்னல் வரும் போனை வைத்துக்கொண்டு நம் பையன் சூப்பர்டிரெண்டு பச்சையாகக் காத்திருக்கிறான். அவனுக்கு விற்கப்பட்டது விதி இல்லை. அந்த இயந்திரங்களுக்கு எதிரே போட்ட நாற்காலி.

அந்த இயந்திரங்களில் ஒன்றின் முதலாளி பேரும் 2025 ஜூலையில் வெளியே வந்தது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் பேங்க் நிஃப்டியைத் தனக்கு வேண்டியபடி தள்ளியும் இழுத்தும் ஆப்ஷனில் லாபம் பார்த்தது என்று செபி இடைக்கால உத்தரவு போட்டு, 4,843 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது. நிறுவனம் மறுக்கிறது, மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, அது நடக்கட்டும். 2024 ஜனவரி 17 என்ற ஒரே நாளில் மட்டும் ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம் என்கிறது அந்த உத்தரவு. அன்று சாயங்காலம் ஊர் ஊராக எத்தனை மாடிகளில் வாத்தியார்கள் அந்த நாளின் சார்ட்டைப் போட்டு, இங்கேதான் நீ வெளியே வந்திருக்கணும் என்று பையன்களைத் திட்டினார்களோ.

இதில் என் வயிறு எரிகிற இடம் அந்த டிசிப்ளின்தான். தோற்றவனுக்கு எல்லா வகுப்பிலும் ஒரே தீர்ப்பு: விதி சரி, நீ பின்பற்றவில்லை. ஜெயித்தால் வாத்தியாரின் சிஸ்டம், தோற்றால் உன் மனசு. பரிகாரம் பலித்தால் ஜோசியர் கெட்டிக்காரர், பலிக்காவிட்டால் நீ குளிக்காமல் விளக்கு போட்டாய். டிசிப்ளின் என்று யாரிடம் சொல்கிறார்கள்? பின்னி மில்லுக்கும் மினர்வா மில்லுக்கும் ராஜா மில்லுக்கும் ஆள் அனுப்பிய ஊரிடம். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து, சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் நின்று, ஷிப்டு ஷிப்டாக முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் காது போனவர்களின் பிள்ளைகளிடம். மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ராஜா மில் நின்ற இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. தாத்தா வேலை பார்த்த மண்ணில் பேரன் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு, நடுவில் ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று ஸ்டாப் லாஸ் மாற்றுகிறான். காலை ஏழிலிருந்து ராத்திரி பதினொன்று வரை மழையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒழுக்கம் போதவில்லையாம். சொல்கிறவர் யார்? பத்தரைக்குக் கடை திறந்து, கேமரா முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்கிறவர்.

அதே செபி அறிக்கையின் மூன்று ஆண்டுக் கணக்கில், 2021-22 முதல் 2023-24 வரை, ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் விட்டிருக்கிறார்கள்; ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம்; மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர் நூற்றில் ஒருவர். 2023-24-இல் இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் கீழே. 93 பேர் தோற்கும் பரீட்சை ஒன்றை எந்தப் பள்ளிக்கூடமாவது நடத்தினால் வாத்தியாரைத்தான் முதலில் பிடிப்பார்கள். இங்கே பிள்ளைகளுக்கு ஒழுக்கமில்லை என்று எழுதி, மறுபடியும் ஃபீஸ் கட்டச் சொல்கிறார்கள். கட்டவும் செய்கிறார்கள். இரண்டு வருஷம் வரிசையாக விட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் மறுபடி வந்தார்கள் என்கிறது அறிக்கை. அக்கா கேட்ட 'ஏன்' அங்கேயும் பதிலில்லாமல் நிற்கிறது. பிரேசிலில் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள்: இன்டெக்ஸ் பியூச்சரில் 300 நாளுக்கு மேல் விடாமல் டே டிரேடிங் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் விட்டார்கள். பழகப் பழக வரும் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. வாத்தியார் பிரேசில் என்றால் புட்பால் பற்றிப் பேசுவார்.

சரி, வாத்தியார்கள் சம்பாதிக்கிறார்களா? சம்பாதிக்கிறார்கள், டிரேடிங்கில் என்று சொல்லவில்லை. 'பாப் ஆஃப் சார்ட்' என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட முகமது நசிருதீன் அன்சாரி மீது 2023 அக்டோபரில் செபி உத்தரவு போட்டு 17 கோடிக்கு மேல் முடக்கியது. உத்தரவு சொன்ன இன்னொரு சங்கதி: இரண்டரை வருஷத்தில் அவருடைய சொந்த டிரேடிங்கில் கிட்டத்தட்ட 3 கோடி நஷ்டம். சார்ட்டுக்கே அப்பன், பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டிரேடிங் பள்ளி நடத்திய அஸ்மிதா படேலின் நிறுவனத்திடம் 2025 பிப்ரவரியில் 53 கோடி, அவதூத் சாத்தேயின் டிரேடிங் அகாடமியிடம் 2025 டிசம்பரில் 546 கோடி முடக்கம். தமிழர்கள் ஏங்க வேண்டாம், நமக்கும் ஓர் இடம் உண்டு: சென்னையின் பி.ஆர். சுந்தர், பதிவில்லாமல் முதலீட்டு ஆலோசனை சொன்ன விவகாரத்தை 2023 மே மாதம் செபியோடு சமரசத்தில் முடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 6 கோடிக்கு மேல் திருப்பிக் கட்டி, ஒரு வருஷம் சந்தைப் பக்கம் வராமல் இருந்தார். ஆசிரியர் தொழிலில் இவ்வளவு பணம் இருப்பது தெரிந்திருந்தால் நம் அரசுப் பள்ளி வாத்தியார்கள் ஊதிய உயர்வு கேட்டு வெயிலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

செபி 2025 ஜனவரியில் ஒரு கண்டிப்பும் கொண்டுவந்தது. பாடம் எடுப்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டிப் பாடம் எடுக்கக் கூடாது என்றது. நல்ல எண்ணம்தான். மூன்று மாதம் பழைய சார்ட்டில் எங்கே கோடு போட்டாலும் அது சரியாகத்தான் விழும் என்பதை மட்டும் யாரும் செபிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. வாத்தியாரின் தீர்க்கதரிசனம் இப்போது சட்டப்படியே பலிக்கிறது.

இன்னொரு கண்டிப்பு 2023 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. புரோக்கர் ஆப்பைத் திறந்தால் ஒரு பெட்டி எழும்: எஃப் அண்ட் ஓவில் பத்தில் ஒன்பது தனிநபர்கள் பணத்தை விடுகிறார்கள். படித்தேன் என்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். நாட்டின் பெரிய புரோக்கர்கள் இரண்டு பேர் இதே பெங்களூரில்தான் இருக்கிறார்கள். மில்லுக்கு அடுத்து இந்த ஊரில் சங்கு ஊதாமலே லட்சக்கணக்கானவர்களைக் காலை ஒன்பதேகாலுக்கு ஆஜராக்கிய தொழில் இதுதான். மூன்று ஆண்டில் தனிநபர்கள் டிரேடிங் செலவாக மட்டும் கட்டியது சுமார் 50,000 கோடி. அதில் பாதி புரோக்கருக்கு, ஐந்தில் ஒரு பங்கு சந்தைக்கு, மிச்சத்தில் பெரும்பங்கு சர்க்காருக்கு. அந்தச் சர்க்கார்தான் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது, குடும்பங்கள் அழிகின்றன என்று. கர்நாடகம் 2007-லேயே லாட்டரியை ஒழித்தது, ஏழைகள் ஏமாறுகிறார்கள் என்று. பத்து ரூபாய்ச் சீட்டில் ஏமாறக் கூடாத ஏழை பதினாறு லட்ச ரூபாய் கான்ட்ராக்டில் ஏமாறலாம். அதற்கு எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி உண்டு. 2024 அக்டோபரில் அந்த வரியையும் ஏற்றினார்கள், மக்கள் அதிகம் ஆடாமல் இருக்கட்டும் என்று. அடுத்த கணக்கு வந்தது: 2024-25-இல் தனிநபர்களின் நிகர நஷ்டம் 41 சதவீதம் ஏறி 1,05,603 கோடி. மகசூல் அமோகம்.

தடை போடச் சொல்லவில்லை. தடை போட்டால் மாடியிலிருந்து பேஸ்மென்டுக்கு இறங்குவார்கள், அவ்வளவுதான். மருந்துக்கடையில் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள், ஆட்டோவில் டிரைவரின் போட்டோவையும் பேட்ஜ் எண்ணையும் ஒட்டச் சொல்கிறார்கள். டிரேடிங் கற்றுத் தருகிற ஒவ்வொருவரும் கடந்த மூன்று வருஷ வருமான வரிக் கணக்கிலிருந்து இரண்டே இரண்டு தொகையைக் கதவில் ஒட்டட்டும்: டிரேடிங்கில் வந்தது எவ்வளவு, ஃபீஸில் வந்தது எவ்வளவு. சூப்பர்டிரெண்டைவிட எளிய இண்டிகேட்டர். படிக்கத் தெரியாதவனுக்குக்கூட எது பெரிய எண் என்று தெரியும். அந்தத் தாளை ஒட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த மாதமே பேக்கரி மாடியில் டூ-லெட் போர்டு தொங்கும்: பத்து மாத அட்வான்ஸ், காவேரித் தண்ணி உண்டு, டிரேடிங் கிளாஸுக்குக் கொடுப்பதில்லை.